அரப்பள்ளியின் சுவரை யார் படிப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோடு அரப்பள்ளியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே கி.பி. 63 வந்துவிடுகிறது. தோமையார் நேரில் வந்து நிறுவிய பள்ளி, அவர் நிறுவிய ஏழரைப் பள்ளிகளில் அந்த அரை இதுதான், சேர மன்னன் இடம் கொடுத்தான் என்று மரபைச் சொல்பவர்கள் ஒருபுறம். முதல் நூற்றாண்டுக்குச் சான்று எங்கே என்று கேட்பவர்கள் மறுபுறம். பல தலைமுறையாக வாதாடியும் வழக்கு ஓர் அடி நகரவில்லை. நகராது என்பது இரு தரப்புக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். இதற்கு நடுவில் வாதியும் பிரதிவாதியும் கூண்டில் ஏற்றாத ஒரு சாட்சி பேசாமல் நிற்கிறது. அது பள்ளியின் கட்டடம். உள்ளூர்க் கருங்கல்லில் எழுந்த, உயரம் குறைந்த, தடித்த சுவர்கள்; சுரியானி வழிபாட்டு முறைப்படி உள்ளே மத்பஹா எனும் திருவறை, அதையொட்டி மக்கள் நிற்கும் ஹைகலா, முன்னால் முகமண்டபம். இவை மூன்றும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல என்பது பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். அப்படியானால் எது முந்தியது, எது பிந்தியது, எந்தச் சுவர் எந்தச் சுவரின் மேல் சாய்ந்து நிற்கிறது என்பதல்லவா முதல் கேள்வி? என் கருத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்: ஆண்டுச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கட்டடத்தைக் கல் கல்லாக அளந்து, வரைந்து, படித்து வைக்க வேண்டும். அதுவரை அதன் மேல் சிமெண்டோ கிரானைட் பலகையோ டைல்ஸோ ஏறக் கூடாது.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவில் ஏறக்குறைய கி.பி. 1000 முதல் 1200 வரை எழுந்த தேவாலயங்களை ரோமனெஸ்க் பாணி என்கிறார்கள். தடித்த சுவர், சிறிய சன்னல், அரைவட்ட வளைவு, தலைக்கு மேல் கல்லாலேயே வளைத்துக் கட்டிய கூரை, தலைவாசலுக்கு மேலுள்ள அரைவட்டத்தில் நெருக்கியடித்த சிற்பம். இன்று உலகம் வியக்கும் இந்தக் கட்டடங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தனிப்பெயர்கூடக் கிடையாது. நாகரிகம் தெரியாத காலத்தின் முரட்டு வேலை என்பதுதான் படித்தவர்களின் எண்ணம். 1818-இல் நார்மண்டிக்காரரான ஷார்ல் த ஜெர்வீல் அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார். அவரைத் தொடர்ந்த ஆர்சிஸ் த கோமோன், வளைவின் வடிவத்தையும் தூண் தலைப்பையும் விளிம்புக் கோடுகளையும் வரிசைப்படுத்தி, ஓர் ஓலைத் துண்டு ஆதாரம்கூட இல்லாத கிராமக் கோயிலுக்கும் காலம் கணிக்கலாம் என்று காட்டினார். இந்த முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ துப்ரேய் 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில் நம் கோயில்களின் போதிகை, தூண், கோட்டம் ஆகியவை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி மாறின என்பதைப் படம் போட்டு விளக்கினார். வெட்டுப் போதிகை என்றால் சோழர் காலம், தொங்கும் பூமொட்டோடு இருந்தால் அதற்கும் பிந்தியது என்று இன்று கல்லூரி மாணவர்கூடச் சொல்கிறார் என்றால், அந்த வழியில் வந்த அறிவு அது. கோயிலுக்குச் செல்லும் இந்தக் கண், தேவாலயத்தின் வாசலில் ஏனோ செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது.

நாஞ்சில் நாட்டில் இது இன்னும் வியப்பானது. கல்லைப் படிப்பதில் இந்த மண்ணுக்கு நல்ல பழக்கம் உண்டு. திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறையில் டி.ஏ. கோபிநாத ராவும் அவருக்குப் பின் வந்தவர்களும் இங்குள்ள கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். கே.கே. பிள்ளை சுசீந்திரம் என்ற ஒரே கோயிலை எடுத்துக்கொண்டு அதன் கட்டடம், சிற்பம், நிலம், நிர்வாகம், திருவிழா எல்லாவற்றையும் 1953-இல் ஒரு பெருநூலாக்கினார். சிதறால் மலையில் விக்கிரமாதித்திய வரகுணனின் கல்வெட்டையும் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களையும் வைத்துத்தான், இன்று பகவதி குடியிருக்கும் இடம் 9-ஆம் நூற்றாண்டில் சமணர்களின் திருச்சாரணத்துமலையாக இருந்தது என்று அறிகிறோம். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் இருக்கும் மகாவீரரும் பார்சுவநாதரும், அங்கு 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை சமணப் பண்டிதர்கள் இருந்ததைக் கல்வெட்டோடு சேர்ந்து சொல்கிறார்கள். இதனால் பகவதிக்கோ நாகருக்கோ ஒரு குறையும் வந்துவிடவில்லை. ஆயில்யத்தன்று பால் ஊற்ற வருகிற கூட்டம் குறையவுமில்லை. தேவாலயம் மட்டும் இந்த வாசிப்புக்கு வெளியே நின்றதற்குக் காரணம், அது கப்பலில் வந்திறங்கிய சரக்கு, அதில் உள்ளூர் வரலாறு என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு. வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு எழுதிக் கொடுத்த செப்பேடு கி.பி. 849-ஐச் சேர்ந்தது. வட்டெழுத்தில் அமைந்த அந்த ஆவணத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் வருகின்றன. கூபிக், பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ரோமனெஸ்க் பாணியின் பெருங்கோயிலான க்ளூனியின் மூன்றாம் ஆலயத்துக்குக் கடைக்கால் போட்டது 1088-இல். அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே வேணாட்டில் கிறிஸ்தவப் பள்ளியும், அதற்கு அரசன் கொடுத்த உரிமையும் இருந்தன. அந்த வேணாட்டுக்குப் பின்னாளில் தலைநகரான திருவிதாங்கோட்டில் நிற்கும் கருங்கல் சுவர் அந்தக் காலத்துக்கு எவ்வளவு அருகில் வரும், எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதைக் கல்லைத் தவிர வேறெதுவும் சொல்லப்போவதில்லை.

படிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரோமனெஸ்க் கோயில்களின் கதையே போதும். பர்கண்டி நாட்டில் ஓத்தன் நகரத் தேவாலயத்தின் தலைவாசலில் 1130-ஐ ஒட்டிச் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சி இருக்கிறது. 1766-இல் அந்தத் தேவாலயத்தின் குருமார்களே அதை அவலட்சணம் என்று கருதி, மேலே சாந்து பூசி மூடிவிட்டார்கள். பூச்சுக்குள் அடங்காமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கிறிஸ்துவின் தலையை உடைத்தெடுத்தார்கள். 1837-இல் பூச்சை உரித்தபோது மற்றதெல்லாம் அப்படியே வெளிவந்தது. தலை மட்டும் 1948-இல்தான் திரும்பி வந்து கழுத்தில் பொருந்தியது. அதே கோயிலின் பக்கவாசலில் படுத்த நிலையில் இருந்த ஏவாள் சிற்பம், 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டை இடித்தபோது சுவர்க்கல்லாகக் கிடைத்தது. க்ளூனியின் கதி இன்னும் மோசம். உரோமையில் புதிய இராயப்பர் பேராலயம் எழும் வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக இருந்த அது, புரட்சிக்குப் பின் 1798-இல் விற்கப்பட்டுக் கல்லுக்காக உடைக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பகைவர் படையெடுத்து வந்து அழித்தவை அல்ல இவை. குருமாரும் ஊராரும் வியாபாரியும் செய்த வேலை. நம் பக்கத்து உதாரணமும் உண்டு. மயிலாப்பூரில் தோமையாரின் கல்லறை இருந்ததாக 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே தோண்டிப் புதுக்கோயில் கட்டினார்கள். அந்தப் போர்த்துக்கீசியக் கோயிலையும் 1893-இல் இடித்து 1896-இல் இன்றைய சாந்தோம் பேராலயத்தை எழுப்பினார்கள். இரண்டு முறையும் இடித்த கைகள் தோமையார் மேல் பக்தி மிகுந்த கைகள்தான். விளைவு, மார்க்கோ போலோ காலத்து மயிலாப்பூர்ப் பள்ளி எப்படி இருந்தது என்பதைக் கட்டடமாகக் காட்ட இன்று அங்கே எதுவும் இல்லை. அரப்பள்ளி 2007-இல் சர்வதேசத் திருத்தலமாக அறிவிக்கப்பட்டதை மகிழ்ச்சியான செய்தியாகவே கொள்ளலாம். ஆனால் திருத்தலம் என்றானதும் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் காணிக்கை வரும், காணிக்கை வந்தால் கான்ட்ராக்டர் வருவார்.

முதல் மறுப்பு நம்பிக்கையின் பக்கத்திலிருந்து வரும். அளக்கிறேன், காலம் கணிக்கிறேன் என்று உள்ளே விட்டால், இறுதியில் இந்தச் சுவர் பதினான்காம் நூற்றாண்டு, பதினேழாம் நூற்றாண்டு என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். தோமையார் மரபு கேலிக்குள்ளாகும் என்ற பயம். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது, ஆனால் அதற்கு அனுபவத்திலிருந்தே பதில் இருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ த கொம்போஸ்தெலா என்ற ஊர். தோமையாரைப் போலவே பன்னிருவரில் ஒருவரான யாகப்பரின் கல்லறை அங்கே இருப்பதாக 9-ஆம் நூற்றாண்டிலிருந்து மரபு. கல்லறையைக் கண்டெடுத்தவர் தெயோதெமிர் என்ற ஆயர் என்பார்கள். 1075-இல் தொடங்கிய ரோமனெஸ்க் பேராலயம் அந்த மரபின் மேல்தான் நிற்கிறது. யாகப்பர் ஸ்பெயினுக்கு வந்தாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் நீண்ட காலமாகச் சந்தேகித்தார்கள்; தெயோதெமிர் என்று ஓர் ஆயர் இருந்ததைக்கூடச் சிலர் ஒப்பவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேராலயத்தின் தரைக்கடியில் அகழாய்வு நடந்தபோது 1955-இல் ஒரு கல்லறை மூடுகல் கிடைத்தது. தெயோதெமிரின் பெயரும் கி.பி. 847-க்கு இணையான ஆண்டும் அதில் இருந்தன. யாகப்பர் பற்றிய கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் கட்டுக்கதை என்று தள்ளப்பட்ட ஆயர் வரலாற்றுக்குள் வந்துவிட்டார். தோண்டியதால் மரபு இழந்தது எதுவுமில்லை, ஆயரைப் பெற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் அங்கே நடந்தே போகிற லட்சக்கணக்கானவர்களில் யாரும் அகழாய்வு அறிக்கையைப் படித்துவிட்டுப் பாதி வழியில் திரும்பியதாகத் தெரியவில்லை. அரப்பள்ளியில் நான் கேட்பது தோண்டுவதுகூட அல்ல, அளப்பது மட்டுமே. சுவரின் வயது வேறு, அந்த இடத்தில் வழிபாடு தொடங்கிய வயது வேறு என்ற எளிய உண்மையைச் சபையார் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பகுதிகளும் ஒரே காலத்தவை என்று அவர்கள் சாதிக்கவில்லையே.

இரண்டாவது மறுப்பு கலை ரசிகர்களிடமிருந்து வரும், சற்று மரியாதையோடு. ஐரோப்பாவில் அத்தனை சிற்பம் இருக்கிறது, படிக்கிறார்கள். இங்கே நாலு சுவரும் சில சிலுவைகளும்தானே, சுசீந்திரத்தின் இசைத்தூணைப் போலவோ செண்பகராமன் மண்டபத்தைப் போலவோ என்ன இருக்கிறது? கல்லின் தன்மையை மறந்த பேச்சு இது. பர்கண்டியின் சுண்ணாம்புக் கல் உளிக்கு இணங்கும். அதனால்தான் வெஸ்லே தேவாலயத்தின் வாசலில் உலகத்தின் எல்லா இனத்தாரையும் செதுக்க முடிந்தது. அப்போஸ்தலர்கள் போதிக்கப் போகிற தூரதேசத்து மக்கள் அவர்கள். அவர்களில் நாய்த்தலை மனிதர்களும், முறம்போன்ற காதுடையவர்களும், ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளர்களும் உண்டு. நாய்த்தலையர் இந்திய மலைகளில் வாழ்வதாகப் பிளினி எழுதியதை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளாக நம்பியது. அந்தச் சிற்பி 1120-களில் உளி பிடித்தபோது இந்தியாவில் கிறிஸ்தவர்கள் பல தலைமுறையாகப் பூசை கண்டுகொண்டிருந்தார்கள், அதுவும் மனிதத் தலையோடு. அது இருக்கட்டும். நம் கருங்கல் அப்படி இணங்காது. வளைவு கட்டும் வழக்கமும் இங்கே இல்லை. தூண் நட்டு உத்தரம் ஏற்றுவதுதான் நம் கல்தச்சர் முறை, ஒரு உத்தரம் தாண்டக்கூடிய தூரம் சில அடிகளே. ஆகவே அரப்பள்ளி சிறியதாக, தாழ்ந்ததாக இருப்பது வறுமையின் அடையாளமல்ல, அந்தக் கல்லும் அந்தக் கைப்பழக்கமும் சேர்ந்து இட்ட அளவு. சிற்பம் இல்லாததே குறை என்றால் ரோமனெஸ்க்கிலேயே ஒரு பதில் உண்டு. தேவாலயத்தில் விலங்கும் பூதமுமாகச் செதுக்கி வைப்பதைக் க்ளேர்வோ மடத்துப் பெர்னார்ட் கடுமையாகத் தாக்கி எழுதினார். அவருடைய சபையார் கட்டிய ஃபோந்தனே மடாலயத்தில் வெறும் கல்லும் வெளிச்சமும்தான். சிற்பம் தேடினால் ஏமாற்றமே. 1981-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கனமானது. அது சபை மக்களுடையது. திருவிதாங்கோட்டை மட்டும் வைத்து இதைப் பேசக் கூடாது. கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை கடற்கரைச் சாலையில் போனால் ஊருக்கு ஊர் இரட்டைக் கோபுரத்தோடு கான்கிரீட் கோயில்கள் நிற்கின்றன. பிடித்த மீனில் ஒரு பங்கைக் கொடுத்துக் கொடுத்து, வெளிநாட்டில் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பியதையும் சேர்த்து எழுப்பியவை. பழைய கோயிலில் இடமில்லை, மழைக்கு ஒழுகுகிறது, திருவிழாவன்று பாதிப் பேர் வெயிலில் நிற்கிறார்கள். எங்கள் காசில் எங்கள் சாமிக்கு நாங்கள் பெரிதாகக் கட்டுவதை ரசனை பேசித் தடுக்க நீ யார் என்று ஒரு மீனவர் கேட்டால், அவரிடம் ரசனை பேசுவது அழகல்ல. பெரிய கோயில் அவருடைய உரிமை. அந்த உரிமைக்குப் பழையதை இடித்தே ஆக வேண்டுமா என்பதே கேள்வி. கேரளத்தில் பாலாவில் பழைய பேராலயத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் புதியதைக் கட்டினார்கள். மக்கள் புதியதில் கூடுகிறார்கள், பழையதும் பள்ளியாகவே இருக்கிறது. இடம் குறைந்த கடற்கரை ஊரில் எல்லா நேரமும் இது முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடியாத இடத்தில், இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து வைப்பதற்கு ஒரு மாதம் போதும். அதற்குக்கூடப் பொறுமை இல்லை என்றால் அது இடப் பிரச்சினை அல்ல.

சட்டத்தைக் கொண்டுவந்து பூட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் அரைமனதுதான். பழைய கோவாவில் போம் ஜேசு பேராலயம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பூசையும் நடக்கிறது. ஆகவே வழிபாடு நின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் மத்தியச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். வீடுகள் நெருங்கிய திருவிதாங்கோட்டில் அதன் சுமை பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத அயல்வாசிகள் தலையில் விழும். பிறகு அவர்கள் பார்வையில் அந்தச் சுவர் பாரம்பரியமாக இராது, பகையாகிவிடும். சபை இல்லாத பாதுகாப்பு எப்படி முடியும் என்பதையும் பக்கத்திலேயே பார்க்கலாம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் 1777-இல் அடக்கமான சிற்றாலயம் இருக்கிறது. குளச்சல் போரில் தோற்றுச் சரணடைந்து, பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான மனிதர். இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லறைக்கல் இருக்கிறது, சுவர்கள் இருக்கின்றன, மேலே கூரை இல்லை. அரப்பள்ளிக்குக் கூரை இருப்பதன் காரணம் அதன் கீழே இன்றும் மக்கள் நிற்பதுதான். எனவே முதல் பொறுப்பு சபையிடமே இருக்க வேண்டும், அரசு உதவிக்கு வரட்டும்.

வேலை என்னவென்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுவரையும் கல்லுக்குக் கல் அளவோடு வரைவது. கல்லின் முகத்தில் உளித்தடம் எந்த வகை, எங்கே அந்த வகை மாறுகிறது என்று குறிப்பது. இரண்டு பகுதிகள் சேருமிடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றனவா, வெறுமனே ஒட்டி நிற்கின்றனவா என்று பார்ப்பது. ஒட்டி நின்றால் ஒன்று மற்றதற்குப் பிந்தியது. ரோமனெஸ்க் கோயில்களின் கட்டட வரிசையில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்தது இந்தச் சாதாரணக் கூர்ந்த பார்வைதான். அடித்தள வரிகளையும் தூண் வடிவையும் சிலுவைகளின் வெட்டையும் கேரளபுரம், திருவட்டாறு, சுசீந்திரம் போன்ற அருகிலுள்ள கோயில் வேலையோடு ஒப்பிடலாம். அங்கே கல்வெட்டு ஆண்டு சொல்லும். பழைய சுண்ணாம்புச் சாந்து எங்காவது எஞ்சியிருந்தால் விரல்நுனியளவு எடுத்துக் கரிமக் கணிப்புக்கு அனுப்பலாம். இந்த ஒப்பீட்டுக்கு மயிலாடிச் சிற்பிகளை விட்டால் வேறு ஆள் வேண்டுமா? கல்லைப் பார்த்ததும் எந்த உளி, எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது என்று சொல்லக்கூடியவர்கள், கிழக்கே சில மைல் தூரத்தில் இருக்கிறார்கள். வரைவதற்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் போதும். இந்த மாவட்டத்தில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பொறியியல் கல்லூரிக்கு வராது.

அதுவரை செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. கல் இடுக்கில் சிமெண்ட் அடைப்பது முதலாவது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டும். ஈரம் உப்பைக் கூட்டிவந்து கல்லின் முகத்தை உரிக்கும். மணல் வீசிச் சுத்தம் செய்வது அடுத்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் இப்படி எத்தனை கல்வெட்டு மழுங்கியது என்பதைக் கல்வெட்டு அறிஞர்களிடம் கேட்டால் வயிறெரிந்து சொல்வார்கள். வர்ணம், பளபளப்பான கிரானைட் தளம், முகப்பில் புதிய வளைவு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மாவட்டத்தின் மலைகளே ஜல்லியாகிக் களியக்காவிளை வழியாக டாரஸ் லாரியில் போய்க்கொண்டிருக்கும்போது, செதுக்கி நிறுத்திய கருங்கல்லையாவது தொடாமல் இருக்கலாம்.

வரைபடம் முடிந்ததும் மூன்று படி எடுக்க வேண்டும். ஒன்று பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும், அடுத்த முறை கூரை மாற்ற வருகிற மேஸ்திரி அதைப் பார்க்காமல் ஏணி சாத்தக் கூடாது. இன்னொன்று நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி நூலகத்துக்கு. மூன்றாவது சென்னையில் மாநிலத் தொல்லியல் துறைக்கு, சபையார் கையெழுத்தோடு.